ஒரு கம்ப்யூட்டர், இரண்டு சம்பந்தி

ஜூன் 3, சனி

காலையில் சென்னை. ரயில் அதிசயமாக நேரத்துக்கு வந்துவிட்டதால், மாப்பிள்ளை பிரகதீஷ் வருவதற்குள் ஸ்டேஷனில் இரண்டு காபி குடிக்க வேண்டியதாயிற்று. வீட்டு வாசலில் சம்பந்தி சென்னியப்பன் நின்று, "வாங்க சம்மந்தி, வாங்க. பிரயாணமெல்லாம் சௌரியமுங்களா?" என்று விசாரித்தார். "சௌரியம்தான்" என்றேன். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடமாகிறது. எங்கள் பேச்சு இன்னும் பிரயாணத்தைத் தாண்டவில்லை.

அவர் கொடுமுடிப் பக்கம். அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பந்தியம்மாள் இளைய மகளின் பிரசவத்துக்காக பெங்களூர் போயிருக்கிறார். இவர் நாலு மாதமாக இங்கே இருக்கிறார். இருக்கலாம், அவர் மகன் வீடு. நான் பெண்ணைக் கொடுத்தவன். பெண்ணைக் கொடுத்தவன் வந்தோமா, பேத்தியைக் கொஞ்சினோமா, மரியாதை குறைவதற்குள் கிளம்பினோமா என்று இருக்க வேண்டும். அதனால் ஜூலை மூன்றாம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட்டையும் கையோடு எடுத்து வந்திருக்கிறேன். செருப்பைக் கழற்றும்போதே எல்லோருக்கும் அதைச் சொல்லிவிட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசினால் எனக்குப் பிடிக்காது.

அம்பாசமுத்திரத்தில் வீடு பூட்டிக் கிடக்கிறது. என் மனைவி சிவகாமி போன பிறகு அங்கே நான் ஒருத்தன்தான். நல்ல அமைதியான வீடு. டி.வி.யில் யாராவது பேசினால் உண்டு.

ஜூன் 4, ஞாயிறு

பேத்தி இயலுக்கு ஜூலை இரண்டாம் தேதி முதல் பிறந்தநாள். மண்டபத்தில் திரை கட்டி, அவளுடைய ஒரு வருடத்தைப் படமாக ஓட்டப்போகிறார்களாம். அதைத் தாத்தாக்கள் இருவரும் சேர்ந்து செய்வது என்று என் மகள் செண்பகா தீர்மானம் போட்டுவிட்டாள்.

"எப்பா, ரெண்டு பேரும் சண்ட போடாம செய்யணும், கேட்டியளா?"

புகைப்படங்களைத் திருத்துவது என் வேலை. ஓய்வுக்குப் பிறகு கற்றுக்கொண்டேன். இருட்டாக இருந்தால் வெளிச்சம் ஏற்றுவேன், குழந்தைக்குப் பின்னால் தொங்கும் துண்டு, பனியன்களை அழிப்பேன். திருத்தியதைக் கோத்து, பாட்டுச் சேர்த்து வீடியோ ஆக்குவது சம்பந்தி வேலை. சிக்கல் என்னவென்றால், எனக்கு விண்டோஸ் தவிர வேறு தெரியாது. அவர் லினக்ஸ் தவிர வேறெதையும் தொடமாட்டார். கேட்டால் கொள்கை என்கிறார். கொள்கையை விளக்க ஆரம்பித்தார், இட்லி ஆறிவிட்டது.

மாப்பிள்ளை ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் போட்டு வைத்திருக்கிறார். ஒரு சமயத்தில் ஒன்றுதான் ஓடும். டிஸ்க்கை மூன்று பங்காக்கி, ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு, மூன்றாவது பொது. இயலின் படங்களெல்லாம் பொதுவில். பாகம் பிரித்துவிட்டுக் கிணற்றை மட்டும் பொதுவில் விட்ட வீடு மாதிரி இருக்கிறது. அந்த மாதிரி வீடுகளில் சண்டையே கிணற்றடியில்தான் நடக்கும். மாப்பிள்ளை சின்னப்பிள்ளை, பாவம்.

ஜூன் 6, செவ்வாய்

சுவிட்சைப் போட்டதும் திரையில் இரண்டு வரி வருகிறது. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். கொஞ்ச நேரத்துக்குள் நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மேலே இருப்பது தானாக ஓடத் தொடங்கிவிடும். நான் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்து மாட்டியபோது சம்பந்தியின் ராஜ்யத்தில் இருந்தேன். மறுபடி அணைத்து, மறுபடி போட்டு, இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்காமல் உட்கார்ந்தேன்.

யார் பெயர் மேலே என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் பெற்றவர். மேலேதான் இருப்பார்.

ஜூன் 8, வியாழன்

ஒருவர் வேலை முடிக்கும் முன் இன்னொருவர் வந்து அணைத்துவிடுகிறோம். அதனால் எல்.சி. முறையைக் கொண்டுவந்தேன்.

மின்வாரியத்தில் நான் போர்மேன். கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் லைன் கிளியர் வாங்கவேண்டும். அவன் இறங்கி வந்து, தன் வாயால் "எல்.சி. ரிட்டன்" சொன்னால்தான் மறுபடி லைனில் கரண்ட் விடுவோம். அவனுக்காக அவன் கூட்டாளி சொன்னால்கூடச் செல்லாது. அந்த ஒழுங்கினால்தான் நானும் என் ஆட்களும் முழுசாக ஓய்வு பெற்றோம். கம்ப்யூட்டருக்கும் அதே ஒழுங்கு. முடித்தவர் நேரில் வந்து சொல்லவேண்டும்.

"ஏனுங்க, இதுல ஏறுனாலும் ஷாக் அடிக்குமுங்களா?" என்று சம்பந்தி நக்கலடித்தார். ஆனால் சாயங்காலம் என் அறை வாசலில் வந்து, வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல நிமிர்ந்து நின்று, "எல்.சி. ரிட்டனுங்க" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு "சரி" என்றேன்.

ஜூன் 9, வெள்ளி

இன்று அவமானம்.

"சம்மந்தி, பொதுவுல இருக்கற படமெல்லாம் பாக்க முடியுதுங்க. ஆனா ஒண்ணும் சேமிக்க முடியறதில்லைங்க. உங்க விண்டோஸ் பூட்டிக்கிட்டுத் தூங்குது."

"நான் முறையா ஷட் டவுன் குடுத்துட்டுத்தான் எந்திச்சேன் சம்பந்தி."

"குடுத்தீங்க. அது முழுசா அணையறதில்லைங்க. அடுத்த வாட்டி சுருக்கா எந்திரிக்கோணும்னு அரைத்தூக்கத்துல கிடக்குது. பொதுவுல இருக்கறதைக் கையில புடிச்சுக்கிட்டே தூங்குது. அதனால எனக்குப் பாக்க மட்டுந்தான் விடுதுங்க, எழுத விடறதில்ல. உங்க பக்கம் செட்டிங்ஸ்ல அதுக்கு ஒரு டிக் இருக்கும், எடுத்துவிட்டுருங்க. அதுவரைக்கும் நீங்க ரீஸ்டார்ட் குடுத்தீங்கன்னா ஒரு வாட்டிக்குப் பூட்டு வுட்டுரும்."

மெயினை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வேலை பார்த்தவன் நான். என்னைப் பார்த்து, அணைக்கவில்லை என்கிறார். டிக்கைத் தேடினேன். எங்கெங்கோ போய், கடைசியில் மவுஸ் அம்பின் நிறத்தை மாற்றும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். கிடைக்கவில்லை. பென் டிரைவ் வைத்துக்கொள்ளலாமே என்றேன். "அடுத்த ரூமுக்குப் போக பஸ் ஏறச் சொல்றீங்க" என்றார்.

ஆகவே டிக் கிடைக்கும் வரை, அவருக்குச் சேமிக்க வேண்டியிருந்தால் என்னைக் கூப்பிடுவார். நான் போய் விண்டோஸைத் திறந்து, ரீஸ்டார்ட் கொடுத்து, அவருடையதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

ஜூன் 12, திங்கள்

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கூப்பிட்டார். செண்பகாவும் மாப்பிள்ளையும் ஆபீஸ், இயல் தூக்கம். கம்ப்யூட்டர் பழசு, ரீஸ்டார்ட் ஆவதற்குள் ஒரு டீ போட்டுக் குடிக்கலாம். போட்டார். இஞ்சி கொஞ்சம் தூக்கல். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து குடித்தேன். லென்ஸை வைத்து ஹெட்மாஸ்டரின் வேட்டியில் ஓட்டை போட்ட மாணவனைப் பற்றிச் சொன்னார். கேட்கவேண்டியதாயிற்று. பதிலுக்கு டிரான்ஸ்பார்மர் மேல் ஏறிக்கொண்டு எல்.சி.யைத் திருப்பித் தராத குரங்கைப் பற்றி நானும் சொல்லவேண்டியதாயிற்று. சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. நேரம்தான் வீண்.

ஜூன் 14, புதன்

சம்பந்தி பொதுவில் பெயர் மாற்றி வைத்த படங்களை என் பக்கம் திறக்கவே முடியவில்லை. போய்ப் பார்த்தால், வாத்தியார் புத்தி. ஒவ்வொரு படத்துக்கும் கேள்வியைப் பெயராக வைத்திருக்கிறார். "இயலைத் தூக்கியிருப்பது யார்?" "இது எந்தக் கோயில்?" அவர் பக்கம் இது செல்லுமாம். விண்டோஸ், பெயரில் கேள்விக்குறி இருந்தால் வாங்கிக்கொள்ளாதாம்.

"கேள்வி கேட்டா தொறக்காதுங்களா? நல்ல ஆளைப் புடிச்சு வச்சிருக்கீங்க!" என்றார். எல்லாப் படத்திலிருந்தும் கேள்வியை எடுத்தார். ஒவ்வொன்றாக எடுக்கும்போது முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஜூன் 15, வியாழன்

மத்தியானம் கொஞ்சம் அயர்ந்துவிட்டேன். எழுந்து விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் காலை பதினொன்று என்கிறது. நேற்று மத்தியானம் படுத்தவன் இன்று காலை வரை தூங்கிவிட்டோம் என்று பதறிப்போனேன். யாரும் எழுப்பவில்லையே என்று வருத்தம் வேறு. போய்ப் பல் விளக்கினேன்.

"ஏனுங்க சம்மந்தி, சாயங்காலம் பல்லு வெளக்கறீங்க?"

அவருடைய லினக்ஸ், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தை லண்டன் நேரத்துக்கு வைத்துவிட்டு, நம் நேரத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளுமாம். என் விண்டோஸ் வெள்ளந்தி, உள்ளே என்ன இருக்கிறதோ அதை அப்படியே நம்பிவிடும். இதைச் சம்பந்தி கரும்பலகை இல்லாத குறையாக விளக்கி முடிக்கவும் மாப்பிள்ளை வரவும் சரியாக இருந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மாப்பிள்ளைக்கு. எனக்கு வரவில்லை. கொஞ்சம் வந்தது.

ஜூன் 17, சனி

டிக் கிடைத்துவிட்டது. பவர் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில், இன்னொரு கதவைத் தட்டினால்தான் தெரிகிற மாதிரி ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். பூட்டுப் பிரச்சினையே இருக்காது, சம்பந்தி என்னைக் கூப்பிட வேண்டியதும் இருக்காது. நாளை எடுத்துவிடலாம்.

ஜூன் 18, ஞாயிறு

இன்று நேரமில்லை.

ஜூன் 20, செவ்வாய்

"டிக்கு கெடைச்சுதுங்களா சம்மந்தி?"

"தேடிக்கிட்டே இருக்கேன். லேசுல அகப்பட மாட்டேங்குது."

அடுத்தவர் வீட்டுக் கம்ப்யூட்டர். கண்டதையும் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? டீயில் இன்று ஏலக்காய். தேவலாம்.

ஜூன் 21, புதன்

செண்பகா பால் காய்ச்சிக்கொண்டே கேட்டாள்: "எப்பா, அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணிரட்டா? அங்க ஒத்தையில கெடந்து என்ன செய்யப்போறிய?"

"நீ சொன்னா ஆச்சா? சம்பந்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"அவங்க ஒங்கள போகச் சொன்னாங்களா?"

"இருக்கச் சொன்னாரா?"

"அப்ப நான் கேக்கேன் அவங்ககிட்ட."

கேட்கவே கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டேன். மகள் போய்க் கேட்டு, அவர் மறுக்க முடியாமல் சரி என்று சொல்லி, அப்படி ஓர் இடத்தில் நான் உட்காருவதா? அவராக வாய் திறந்து, "இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் போகவேண்டும். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. நான் வருத்தப்படவில்லை என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஜூன் 24, சனி

விபரீதம்.

நேற்று நான் இயலைத் தூக்கிக்கொண்டு கீழே பூங்காவுக்குப் போயிருந்த நேரத்தில் சம்பந்திக்குச் சேமிக்க வேண்டியிருந்திருக்கிறது. காத்திருக்காமல் ஏதோ கட்டளை போட்டுப் பூட்டை உடைத்துப் பொதுவுக்குள் போய்விட்டார். படத்தை முக்கால்வாசி கோத்து, அங்கேயே வைத்திருக்கிறார். இன்று காலை நான் விண்டோஸைத் திறந்தேன். அரைத்தூக்கத்திலிருந்து எழுந்த அது, தான் தூங்கப்போனபோது பொது எப்படி இருந்ததோ அப்படியே இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தது. அப்புறம் டிஸ்க்கில் கோளாறு என்று சொல்லி எதையெதையோ சரி செய்தது. செய்து முடித்தபோது சம்பந்தி வைத்ததைக் காணோம். நல்லவேளை, படங்கள் பிழைத்தன. கோத்தது முழுக்கப் போய்விட்டது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு சிவந்தது.

"டிக்கை எடுங்க எடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! உங்களுக்கு ஊருக்குப் போற அவசரமுங்க. இங்க எது கெட்டா உங்களுக்கென்ன?"

"எல்.சி. வாங்காம கம்பத்துல ஏறுனது நீங்க. பூட்ட ஒடச்சது நீங்க. என்னயச் சொல்லுதிய?"

"அப்பறம் உங்களைத் தேடிக்கிட்டு பார்க்குக்கு வரோணுங்களா?"

"ஒங்க மகன் வீடு. எத வேணும்னாலும் ஒடச்சுக்கிடுங்க. நான் மூணாந்தேதி போயிருதேன்."

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். ஊருக்குப் போவதை நினைவுபடுத்துகிறார். எனக்குத் தெரியாதா என்ன?

ஜூன் 25, ஞாயிறு

டிக்கை எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தட்டு, அவ்வளவுதான்.

ஜூன் 26, திங்கள்

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நான் திருத்தி வைத்தால் அவர் எடுத்துக்கொள்கிறார். அவர் வைத்தால் எனக்குத் தெரிகிறது. பூட்டு இல்லை. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. எல்.சி. ரிட்டனும் இல்லை. கம்ப்யூட்டர் காலியாக இருந்தால் முடித்துவிட்டார் என்று புரிந்துகொள்ளவேண்டியது.

டீ நானே போட்டுக்கொண்டேன்.

ஜூன் 27, செவ்வாய்

இன்றும் ஒழுங்காக நடந்தது. பகல் ரொம்ப நீளம். இயலிடம் குரங்குக் கதையைச் சொன்னேன். அவளுக்கு இன்னும் வயது போதவில்லை.

ஜூன் 28, புதன்

இன்று காலை பவர் ஆப்ஷன்ஸ் பக்கம் போனேன். சும்மாதான் போனேன். எடுத்த டிக் திரும்பவும் இருக்கிறது.

நான் வைக்கவில்லை. செண்பகாவுக்கும் மாப்பிள்ளைக்கும் அந்த இடம் இருப்பதை நினைத்துப் பார்க்கவே நேரம் கிடையாது. இயலுக்கு மேஜை எட்டாது. மீதி இருப்பது ஒருவர். அவரோ தன் ஆயுளில் விண்டோஸைத் தொடுவதில்லை என்று எனக்கு இட்லி ஆற ஆறக் கொள்கை சொன்னவர். அவர் கொள்கையைக் கழற்றி வைத்துவிட்டு, தெரியாத இடத்தில் தட்டுத்தடுமாறிக் கதவு கதவாகத் திறந்து, தனக்குத் தானே பூட்டுப் போட்டுவிட்டுப் போவாரா என்ன?

நான் விசாரிக்கப் போவதில்லை. டிக்கை எடுக்கவும் இல்லை. யார் வைத்தாரோ, காரணமாகத்தான் வைத்திருப்பார்.

பத்து மணிக்கு அறை வாசலில் சத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

"சம்மந்தி. மறுபடியும் பூட்டிக்கிச்சுங்க."

"அப்படியா? சவம், இது லேசுல விடாது போலிருக்கே" என்று எழுந்தேன். ஓடவில்லை, நடந்துதான் போனேன்.

ஜூன் 30, வெள்ளி

படம் முடிந்தது. நேற்றும் இன்றும் ஐந்தாறு தடவை பூட்டிக்கொண்டது. சம்பந்தி ஒரு தடவை கூட டிக்கைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தோம். இயல் குப்புற விழுந்து எழுகிற இடத்தில் பாட்டு நின்று ஒரு நொடி அமைதி வைத்திருக்கிறார். நல்ல வாத்தியார்தான்.

நாளை மறுநாள் பிறந்தநாள். அதற்கு மறுநாள் ரயில். படம் முடிந்துவிட்டதால் இனிமேல் எதையும் பூட்டினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான்.

ஜூலை 2, ஞாயிறு

மண்டபத்தில் படம் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். "யார் செஞ்சது?" என்று கேட்டவர்களிடம் சம்பந்தி என்னைக் காட்டினார். நான் அவரைக் காட்டினேன். இயல் தன்னைத் திரையில் பார்த்துப் பயந்து அழுதாள். சாப்பாடு நன்றாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஜூலை 3, திங்கள்

மத்தியானத்துக்கு மேல் எழுதுகிறேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். செண்பகா லீவு போட்டிருந்தாள், என்னோடு பேசாமல் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். சம்பந்தி உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சம்மந்தி, உங்களுக்கு ரயிலு எத்தன மணிக்குங்க?"

"சாயங்காலம்."

"எனக்குப் பஸ்ஸு ராத்திரிங்க. கொடுமுடிக்கு."

எனக்குப் புரியவில்லை. "நீங்க எதுக்குப் போறிய? இது ஒங்க மகன் வீடுல்லா?"

"எம் மகன் ஊடுங்களா? உங்க மக ஊடுங்க" என்றார். "அடுப்படி யாருதோ, ஊடு அவங்களுது. மருமக மொகம் சுளிக்கறதுக்குள்ள கெளம்பிரோணும்னு வந்த நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேனுங்க. அந்தப் புள்ள ஒருநாளும் சுளிக்கல. ஆனா இருங்கன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லலீங்க. பொண்ணைப் பெத்தவரு நீங்க. நீங்க சொல்வீங்கன்னு ஒரு மாசமா பாத்தேன். நீங்க வந்தன்னைக்கே டிக்கெட்டக் காட்டுனீங்க. சரி, இவரே நிக்கலீன்னா நாம எங்கிருந்து நிக்கறதுன்னு நானும் நேத்துப் போட்டுட்டேன்."

"நான் சொல்லணுமா? நீங்கள்லா சொல்லணும்! மாப்பிள்ளையப் பெத்தவரு நீங்க. ஒங்க வாயால வரணும்னுதான நான் ஒத்தக் கால்ல நின்னேன்!"

"அதெப்படிங்க? நீங்கதான் சொல்லோணும்."

"மொதல்ல நீங்க சொல்லுங்க சம்பந்தி. அதுதான் முறை."

"முறைன்னு பாத்தா நீங்கதானுங்க மொதல்ல."

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. கரண்டியோடு செண்பகா வாசலில் நின்றாள்.

"இது எனக்கும் ஒங்க மாப்பிள்ளைக்கும் உள்ள வீடு. நீங்க ரெண்டு பேருமே விருந்தாளிதான். யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைங்க, கீழ வண்டிக்காரர் ஹாரன் அடிக்காரு!"

சம்பந்தி என் கையைப் பிடித்தார். நான் வருவதற்கு முன் நாலு மாதம், பகல் முழுக்க இந்த வீட்டில் பேச்சு வராத குழந்தையோடு அவர் தனியாக இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இருங்க சம்மந்தி" என்றார். "நீங்க போயிட்டா எனக்குப் பேச ஆளில்லீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன் என்றே எழுதுகிறேன். சிவகாமி போனபோது வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தவன் நான், அன்று அழவில்லை. இன்று, மடித்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். "நீங்களும் இருங்க" என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சம்பந்தி பொறுமையாகக் காத்திருந்தார்.

ஜூலை 4, செவ்வாய்

எழுத நேரமில்லை. சம்பந்தி கூப்பிடுகிறார்.